மழையில் நனைந்த தானியமும் வெள்ளத்தில் மூழ்கிய காரும்

 

வியாபாரத்தை அல்லாஹுத்தஆலா ஹலாலாக்கியிருக்கிறான். உண்மையும் நாணயமும் உள்ள வியாபாரி மறுமையில் நபிமார்களோடும் சித்தீக்கீன்களோடும் ஷுஹதாக்களோடும் இருப்பார் என்ற கருத்தில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பதவி வியாபாரிக்கு ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் ஸஃப்பில் நிற்கும்போது நாணயமாக இருப்பது எளிது. ஒரு பொருளின் குறை தனக்கு மட்டும் தெரிந்து, எதிரே நிற்பவருக்குத் தெரியாமல் இருக்கும் நேரத்தில் நாணயமாக இருப்பதுதான் கடினம். அந்த நேரம் வியாபாரிக்குத் தினமும் வருகிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று நம் தென்சென்னைப் புறநகர்களில் வாலிபர்கள் பலரிடம் இப்பொழுது ஒரு பழக்கம் காணப்படுகிறது. மலிவான பழைய கார் ஒன்றை வாங்குவார்கள். விடுமுறை நாட்களில் வீட்டு வாசலிலோ, தெரிந்த மெக்கானிக் கடையிலோ வைத்துச் செப்பனிடுவார்கள். சில மாதம் ஓட்டுவார்கள், பிறகு விற்பார்கள். அந்தப் பணத்தில் அடுத்த காரை வாங்குவார்கள். "பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன்" என்பார்கள்.

கைத்தொழில் நம் வட்டாரத்துக்குப் புதியதல்ல. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், கெஸல் போன்ற கார்கள் அங்கே உருவாயின. 1985ல் வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் எடுபடாமல் போக, 1988ல் உற்பத்தி நின்றது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக இருந்தது. இன்றைக்கும் பழைய கார்களில் கை பழகுகிறவர்கள் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கெட்டுக் கிடந்த ஓர் இயந்திரத்தைத் தன் கையால் ஓட வைப்பதில் ஒரு தூய மகிழ்ச்சி இருக்கிறது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். இரும்பை அவர்களுக்கு அல்லாஹ் மிருதுவாக்கிக் கொடுத்தான். ஆகவே இந்தப் பழக்கத்தை வீண்வேலை என்று நாம் சொல்லவில்லை. சூதிலும் வீண்பேச்சிலும் கழியும் நேரம் கைத்தொழிலில் கழிவது நல்லதே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

பொழுதுபோக்கா, வியாபாரமா?

காரைப் பிரித்து மாட்டும் வரை அது பொழுதுபோக்கு. விலை பேசிய நொடியிலிருந்து அது வியாபாரம். ஷரீஅத்தில் "சும்மா விற்றவர்" என்று தனிப்பிரிவு கிடையாது. கடை வைத்து விற்பவருக்கு எது ஹராமோ, அது வாசலில் நிறுத்தி விற்பவருக்கும் ஹராம்தான். மார்க்கச் சட்டம் அறிந்தவரே நம் கடைவீதியில் விற்க வேண்டும் என்ற கருத்தில் ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னது இதனால்தான். தொழுகையின் பர்ளுகளைக் கற்காமல் தொழுபவரின் தொழுகை எப்படிப் பழுதாகுமோ, வியாபாரத்தின் சட்டம் கற்காமல் விற்பவரின் வருமானமும் அப்படியே பழுதாகும். அவருக்கே தெரியாமல் அவர் வீட்டு அடுப்பில் ஹராம் வெந்துகொண்டிருக்கும்.

நனைந்த தானியம்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நம் பகுதியினர் மறக்க முடியாது. 2ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மீண்டும் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணையில் நிறுத்தியிருந்த கார்கள் தண்ணீரில் மிதந்து சென்றதை எல்லோரும் கண்டோம்.

அப்படி மூழ்கிய கார்கள் பிறகு எங்கே போயின? பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிடுவது காப்பீட்டு வழக்கம். அப்படிக் கழிக்கப்பட்டவை ஏலத்தில் மலிவாகக் கைமாறும். காப்பீடு இல்லாதவற்றை உரிமையாளர்களே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்கியவர்கள் சீட்டைக் கழற்றி வெயிலில் காய வைத்து, தரைவிரிப்பை மாற்றி, ஆயிலை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து, பாலிஷ் போட்டு நிறுத்துவார்கள். கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் மின்கம்பிகளின் இணைப்புக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கத் தொடங்கியிருக்கும். சீட்டின் அடியில் போல்ட்டுகள் துருவேறியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் தங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து, ஓர் இரவு நேரத்தில், நடுச்சாலையில் விளக்கு அணையும். அல்லது மோதும் நேரத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியாது.

இப்பொழுது நாயகம் (ஸல்) அவர்களின் கடைவீதிக்கு வாருங்கள். ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். மழை நனைத்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் கடுமையாக எச்சரிக்கிறார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் சம்பவம் இது.

இதில் மூன்று விஷயங்களைச் சிந்தியுங்கள். ஒன்று: மழையை அனுப்பியது அந்த வியாபாரி அல்ல. பொருள் கெட்டது அவர் குற்றமல்ல, அடியில் மறைத்ததுதான் குற்றம். இரண்டு: அவர் வாய்திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையையே சொன்னார். ஆயினும் மோசடி என்றே தீர்ப்பாயிற்று. மூன்று: நனைந்ததை விற்காதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. மேலே வை என்றுதான் சொன்னார்கள். ஆகவே வெள்ளத்தில் மூழ்கிய காரை விற்பது ஹராமல்ல. மூழ்கியதை மறைத்து விற்பதே ஹராம்.

"அவர் கேட்கவில்லையே!"

ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வெள்ளத்தில் நின்ற கார் ஒன்றை 70,000 ரூபாய்க்கு வாங்கி, 45,000 செலவழித்துச் சீர்செய்திருந்தார். குரோம்பேட்டையில் ஓர் ஆசிரியர் 1,80,000 ரூபாய்க்குக் கேட்டு 10,000 முன்பணமும் கொடுத்துவிட்டார். வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல அவருக்குக் கார் வேண்டுமாம்.

"தண்ணீரில் நின்ற வண்டியா என்று அவர் கேட்கவே இல்லை ஹஜ்ரத். கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்" என்றார் வாலிபர்.

"தம்பி, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் உண்மை சொல்வீர்களா? கேட்கத் தெரியாதவருக்குத்தானே நீங்கள் சொல்வது அவசியம்?" என்றேன்.

அவர் தலைகுனிந்து நின்றார். "சொன்னால் 50,000 ரூபாய் போய்விடும் ஹஜ்ரத். என் லாத்தாவின் நகையை விற்றுப் போட்ட பணம் இது" என்றார். அது அற்பமான தொகை அல்ல என்பது எனக்கும் தெரியும். மாதச் சம்பளக்காரருக்கு அது சில மாத உழைப்பு. ஆனாலும் அந்த 50,000 எதற்கான விலை என்பதைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் அதை நல்ல காருக்கான விலை என்று நினைத்துக் கொடுக்கிறார். வாலிபரிடம் இருப்பதோ நனைந்த கார். ஆக, இல்லாத ஒரு பொருளுக்கு வாங்கும் பணம் அது.

அவர் போய்ச் சொன்னார். ஆசிரியர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கார் இரண்டு மாதம் வாசலிலேயே நின்றது. கடைசியில் விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக், எல்லாவற்றையும் கேட்டறிந்து 1,25,000க்கு எடுத்துக்கொண்டார். "இலாபம் பத்தாயிரம்தான் ஹஜ்ரத். ஆனால் வாங்கியவர் ஃபோன் செய்தால் எடுக்கப் பயமில்லை" என்றார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் ஓதுகிறோம். பரக்கத் என்றவுடன் தொகை பெருகுவதை மட்டும் நினைக்கிறோம். அச்சமின்றி உண்பதும் பரக்கத்துதான்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற ஸஹாபி, ஒட்டகம் வாங்கிச் சென்ற ஒருவரைத் தடுத்து நிறுத்தினார்கள். இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று கேட்டார்கள். ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்றார் அவர். அப்படியானால் அதன் பாதத்தில் துளை இருக்கிறது என்று அறிவித்தார்கள். விற்றவருக்குக் கோபம் வந்தது. என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்றார். குறையை விளக்காமல் விற்பது விற்பவருக்கு ஆகுமானதல்ல, அக்குறையை அறிந்த மற்றவர் அதைச் சொல்லாமலிருப்பதும் ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக வாஸிலா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள்.

எவ்வளவு பொருத்தமான கேள்வி! உதிரிபாகங்களுக்காகக் காரை வாங்கி, புதுப்பேட்டையில் பிரித்து விற்க நினைப்பவருக்குச் சேஸிஸ் வளைந்திருப்பது பெரிய குறையல்ல. குடும்பத்தோடு திருச்சிக்கும் நெல்லைக்கும் ஓட்டிப்போக வாங்குபவருக்கோ அது உயிர்ப் பிரச்சினை. பொருள் ஒன்றுதான். வாங்குபவரின் தேவையைப் பொறுத்துச் சொல்ல வேண்டிய கடமை கனக்கிறது.

பக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வண்டியைச் சீர்செய்த மெக்கானிக், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த டிங்கர், நடுவில் நின்று பேசும் புரோக்கர் இவர்களெல்லாம் "விற்பது நானல்லவே" என்று ஒதுங்க முடியாது. அறிந்தவர் சொல்ல வேண்டும்.

மடி கட்டிய ஆடு

அறியாமைக்கால வியாபாரிகளிடம் ஒரு தந்திரம் இருந்தது. விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் விடுவார்கள். மடி பெருத்திருக்கும். நிறையப் பால் கறக்கும் என்று நம்பி வாங்கியவர் வீட்டில் போய் ஏமாறுவார். இதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பிக் கொடுத்து, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டினார்கள். திருப்பித் தரும் முறையில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்செயல் ஏமாற்று என்பதிலும் பாவம் என்பதிலும் வேறுபாடில்லை.

காரின் கிலோமீட்டர் மீட்டரைத் திருப்புவது இந்த மடி கட்டும் வேலைதான். டிஜிட்டல் மீட்டரையும் ஒரு கருவியை இணைத்துச் சில நிமிடங்களில் மாற்றிவிடுகிறார்கள். 1,40,000 ஓடிய வண்டி 60,000 ஆகிறது. புகை தெரியாமலிருக்கக் கனமான ஆயிலை ஊற்றுவதும், துருவேறிய தகட்டின் மேல் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடிப்பதும், எச்சரிக்கை விளக்கின் இணைப்பைத் துண்டிப்பதும் இதே வகைதான். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது பதிலாகாது. மடி கட்டுவதும் அன்று எல்லோரும் செய்ததுதான்.

"உள்ளது உள்ளபடி"

சிலர் வேறு வழி காண்கிறார்கள். "உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு நான் பொறுப்பல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அடிமையிடம் ஒரு நோய் இருப்பதாக வாங்கியவர் வழக்குத் தொடுத்தார். குறை தெரியாமல்தான் விற்றேன் என்று சத்தியம் செய்யுமாறு கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு அந்த அடிமை குணமாகி, 1500 திர்ஹத்துக்கு விலைபோனதாக முவத்தாவில் பதிவாகியிருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் இந்த நிபந்தனை விற்பவரை முழுமையாகக் காப்பாற்றாது. உயிர்ப்பிராணிகளில், விற்பவருக்கே தெரியாத உள்குறை ஒன்றில் மட்டுமே அது செல்லும். காருக்கு அது செல்லாது. ஹனஃபி மத்ஹபில் எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று விற்றால் அந்த ஒப்பந்தம் செல்லும். ஆனால் காஜியிடம் தப்பிப்பது வேறு, அல்லாஹ்விடம் தப்பிப்பது வேறு. தெரிந்த குறையை மறைத்த பாவம் எந்த மத்ஹபிலும் நீங்காது. "உள்ளது உள்ளபடி" என்றால் உள்ளதை முதலில் சொல்ல வேண்டுமல்லவா?

பெயர் மாற்றம் என்னும் அமானிதம்

கைமாறும் பழைய கார்களில் அலட்சியமாகும் மற்றொரு காரியம் ஆர்.சி.யில் பெயர் மாற்றுவது. விற்பவரிடம் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கி, காரோடு கைக்குக் கை தள்ளிக்கொண்டே போகிறார்கள். நான்கு பேர் கைமாறிய பிறகும் முதல் உரிமையாளரின் பெயரே நிற்கும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அறிவிக்க வேண்டும். பல கை மாறியும் பெயர் மாற்றாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிப் பாருங்கள். ஒரு முதியவர் உங்களை நம்பிக் கையெழுத்திட்டுக் காரைத் தருகிறார். நீங்கள் மாற்றவில்லை, அடுத்தவரும் மாற்றவில்லை. எங்கோ ஒரு விபத்து. நோட்டீஸ் அந்த முதியவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அவர் கையெழுத்து உங்களிடம் இருந்த அமானிதமல்லவா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம் குர்ஆன் ஷரீஃபிலேயே மிக நீளமானது. எழுத்தை அலட்சியம் செய்வது பேணுதலுள்ள முஸ்லிமுக்கு அழகல்ல. தாம்பரம் டி.என். 11, மீனம்பாக்கம் டி.என். 22, சோழிங்கநல்லூர் டி.என். 14 என எந்த அலுவலகமானாலும் பெயரை மாற்றிவிட்டே வண்டியை ஒப்படையுங்கள்.

அதுபோல், 5000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டு, கார் இன்னும் தன் கைக்கு வராமலே மூன்றாமவருக்கு விற்று இலாபம் பார்ப்பதும் கூடாது. தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். புரோக்கராக இருந்து, கூலியை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசி வாங்கினால் அது ஹலால்.

வாங்கும்போதும் நீதி

விற்பதில் மட்டுமல்ல, வாங்குவதிலும் நாணயம் வேண்டும். கணவரை இழந்த ஒரு பெண்மணிக்கு வாசலில் நிற்கும் காரின் மதிப்புத் தெரியாது. "இது பழைய இரும்புக்குத்தான் போகும்" என்று பயமுறுத்திப் பாதி விலைக்கு ஓட்டிக்கொண்டு வருவதைச் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள். ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர்கள், உம் குதிரை இதைவிட அதிகம் பெறும் என்று உரிமையாளரிடம் தாமே விலையை ஏற்றி ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்று காரணம் சொன்னார்கள். நாம் 800 கொடுக்காவிட்டாலும், 300 பெறுவதை 100 என்று பொய் சொல்லாமலாவது இருக்கலாமே!

வட்டியும் ஜகாத்தும்

முதலீட்டுக்கு வட்டிக்கு வாங்குவது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய ஆபத்து. வட்டி உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரும் சாபத்துக்குரியோர் என்பதை நாம் அறிவோம். பணம் உள்ள நண்பர் பணம் போட, கைத்திறன் உள்ளவர் உழைக்க, இலாபத்தை ஒப்பிய விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளும் வழியை ஷரீஅத் திறந்தே வைத்திருக்கிறது.

விற்கும் நோக்கத்தில் வாங்கி நிறுத்தியிருக்கும் கார் வியாபாரச் சரக்கு. நிஸாப் அளவை எட்டி, பிறை வருடம் நிறைந்தால் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் கடமையாகும். சொந்த உபயோகத்துக்கான காருக்கும், ஸ்பேனர், ஜாக்கி போன்ற கருவிகளுக்கும் ஜகாத் இல்லை.

பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு. மேற்குத் தாம்பரத்தின் குறுகலான தெருக்களில் மூன்று கார்களை மாதக்கணக்கில் நிறுத்தி, பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு.

செய்துவிட்டவர்கள் என்ன செய்வது?

முன்னர் குறையை மறைத்து விற்றவர்கள் நிராசையடைய வேண்டாம். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. இஸ்திக்ஃபார் மட்டும் போதாது. வாங்கியவரைத் தேடிச் சென்று குறையைச் சொல்லி, அவர் விரும்பினால் காரைத் திரும்பப் பெறுங்கள், அல்லது விலை வித்தியாசத்தைக் கொடுத்து மன்னிப்புப் பெறுங்கள். ஆளைக் காண வழியே இல்லையென்றால் அந்தத் தொகையை அவர் பெயரால் தர்மம் செய்யுங்கள். துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் குறை சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விற்ற பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். மறதிக்கே அவ்வளவு பேணுதல்!

வாலிபச் சகோதரர்களே! உங்கள் கைத்திறனைப் போற்றுகிறோம். அடுத்த காரை விற்கும் முன், ஒரு தாளில் அதன் குறைகளை உங்கள் கையாலேயே எழுதி, வாங்குபவரிடம் முதலில் அதைக் கொடுங்கள், பிறகு சாவியைக் கொடுங்கள். நனைந்த தானியத்தை மேலே வைப்பது இன்றைக்கு அதுதான்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கையும், அதில் பரக்கத்தையும், உண்மை சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.